கல் வண்டிக்கு இரண்டு பக்கம்

புஷ்பம் அந்த வண்டியைத் துவாயில் சுற்றி, உரப்பைக்குள் வைத்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். தண்டவாளத்தில் காலைக் கோச்சி வடக்கே போய் அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். நான் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தேன். மடியில் பேப்பர்.

“சேர், ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?”

“கொண்டு வாரும் பிள்ளை, என்ன அவசரம்” என்றேன். அவசரம் எனக்குத்தான். அந்தப் பைக்குள் இருப்பதைப் பற்றி இரண்டு கிழமையாக ஊர் முழுக்கக் கதை.

அவர் நிலத்தில் குந்தியிருந்து கயிற்றை அவிழ்த்தார். துவாயை ஒவ்வொரு மடிப்பாக விரித்தார். எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் பக்கப் பாதையில் வருடக்கணக்காக நிற்கும் கல் வண்டி, என் முழங்கை நீளத்துக்குச் சுருங்கி, விறாந்தைச் சீமெந்தில் நின்றது. ரயில் பாதையைத் திரும்பப் போட்ட காலத்தில் கருங்கல் ஏற்றி வந்து கொட்டிய வண்டி அது. வேலை முடிந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. எழும்பினால் வியந்துபோனதாக ஆகிவிடும். கண்ணாடியை மட்டும் கழற்றித் துடைத்துப் போட்டேன்.

வயிறு எரிந்தது. இதைவிட மரியாதையான சொல் ஒன்றைத் தேட இந்த வயதில் எனக்குப் பொறுமை இல்லை.

குண்டுக்குப் பயந்து வந்த பைத்தியம்

இந்தத் தொடரில் வாய்க்கால் அளந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர், நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைந்த ஆளுக்கு ரயில் பைத்தியம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்கிறேன். குண்டுக்குப் பயந்து வந்தது.

சண்டையால் கோச்சி ஓடாத அந்த வருடங்களில் தண்டவாளங்கள் எல்லாம் பதுங்குகுழிக் கூரைகளுக்குப் போய்விட்டன. எங்கள் குழிக்கும் இரண்டு துண்டு கிடைத்தது. குழிக்குள் இறங்கினால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மேலே பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். மேலே தண்டவாளம். ஒருநாள் சட்டைப் பையில் அளவுநாடா இருந்தது. அளந்தேன்.

“மேல செல் குண்டு கூவிக்கொண்டு போகுது, இந்த மனிசன் தண்டவாளத்தை அளக்குது!” என்று என் மனைவி புவனா பக்கத்துக் குழிக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினா. அந்தக் குழியிலிருந்து சிரிப்புக் கேட்டது. அன்றைக்கு வேறு யாரும் சிரித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

தலைப்பகுதி, கழுத்து, அடிப்பாகம் என்று அந்தத் தண்டவாளத்தின் வெட்டுமுகத்தை என் அளவைக் குறிப்புப் புத்தகத்தில் வரைந்தேன். எத்தனை இடப்பெயர்வு! அலுமாரி போனது, தையல் மெசின் போனது, அந்தப் புத்தகம் போகவில்லை. பாதை திரும்பப் போட்டபோது ஆசையோடு அதை எடுத்துக்கொண்டு போய்ப் புதுத் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தேன். அளவு வேறு. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அந்தக் கோபத்தில்தான் முதலாவது வண்டியைச் செய்தேன். நிசத்தில் ஓரடி என்றால் என் மேசையில் அரை அங்குலம். அதில் மயிரிழைகூட மாற விடமாட்டேன். சக்கரங்களை வவுனியாவில் கடைசல் பட்டறையில் கடைந்து எடுப்பேன். உடம்பு தகரம். எழுத்துகளுக்கு, புவனாவின் முழங்காலை எடுத்த எக்ஸ்ரே படத்தில் அச்சு வெட்டி, அதை வண்டியில் ஒட்டவைத்து, வெள்ளை வர்ணத்தை ஒற்றி எடுப்பேன். வண்டி எண், வெற்று நிறை, ஏற்றக்கூடிய நிறை, கடைசியாகப் பட்டறை பார்த்த திகதி எல்லாம் அந்த முழங்காலிலிருந்து வந்தவைதான். அவாவுக்கு அது இன்றைக்கும் ஒரு மனக்குறை.

பதினொரு வண்டியும் இரண்டு எஞ்சினும் செய்தேன். ஊரில் என்னைக் ‘கோச்சிச் சேர்’ என்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, அது காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

கடுகும் ஈர்க்கும்

புஷ்பம் எங்கள் ரயில் கடவையின் காப்பாளர். பக்கப் பாதை முடிகிற வடக்கு மூலையில் அவருடைய தகரக் கொட்டில். கோச்சி வரும்போது தடியை இறக்குவார், போனபிறகு ஏற்றுவார். நடுவில் எவ்வளவோ நேரம் கிடக்கும்.

தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து கனகராயன்குளத்தில் குடியேறியவர்கள். இவர் அங்கேதான் பிறந்தார். என்னோடு கதைக்கும்போது எங்கள் பேச்சு, தாயோடு போனில் கதைக்கும்போது அவர்களுடைய பேச்சு. கடவைக்கு வருமுன் ஏழெட்டு வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர். முகக்கவசம் போட்டு, முழங்காலில் நின்று, சின்னக் கரண்டியால் மண்ணை ஒரு விரலளவு எடுப்பது, பிரஷால் தட்டுவது, பார்ப்பது, பிறகு அடுத்த விரலளவு. அந்தக் கை எப்படிப்பட்ட கையாக இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துச் சனம், படிக்காத பெண், பால்மா ரின் தகரத்தை வெட்டி விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மனதுக்குள் ‘அவள்’ என்றுதான் சொன்னேன்.

முதலில் ஒரு நெல்லுக்கார ஐயா வந்து கொளுத்திப்போட்டார். கடவையில் உழவு மெசினோடு காத்துநின்றபோது கொட்டிலுக்குள் பார்த்தாராம்.

“புஷ்பக்கான்ர வண்டியைப் பாத்தனீங்களோ சேர்? பின்னால தள்ளிவிட்டா யாழ்ப்பாணம் போயிடும் போல கிடக்கு!”

என் வண்டிகளை அவர் பல தடவை பார்த்திருக்கிறார். “நல்ல மினுக்கமாய் இருக்கு” என்றதற்கு மேல் ஒரு சொல் வந்ததில்லை.

அடுத்த நாளே கடவைக்குப் போனேன். தற்செயலாகப் போகிற ஆள் மாதிரி. வண்டியின் உடம்பு பாதிதான் முடிந்திருந்தது. தகரத்தை இணைக்கிற தறை ஆணிகளின் தலைகள் வரிசை வரிசையாகப் புடைத்து நின்றன. நான் அந்தப் புடைப்புக்கு ஆணியால் பின்பக்கமிருந்து தட்டித் தட்டி எத்தனையோ தகரத்தைக் கிழித்தவன்.

“இதை எப்பிடிச் செய்தனீர்?”

“கடுகு சேர். பசையில ஒட்டி, மேல பெயின்ற் அடிச்சனான்.”

கடுகு! என் வீட்டுக் குசினியில் போத்தல் நிறையக் கிடக்கிறது. அரை அங்குலக் கணக்குக்குத் தறை ஆணித் தலை ஒரு கடுகளவுதான் வரும். ஆயுள் முழுக்க அளந்த எனக்கு அது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மதியச் சோற்றில் கடுகு தாளித்த பருப்புக்கறியைத் தள்ளிவைத்தேன். “ஏன், உப்புக் கூடிப்போச்சோ?” என்றா புவனா.

பொறாமை எனக்குப் புதிதல்ல. கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரர் கவராயத்தால் வட்டம் போட்டால், தொடங்கின இடமும் முடிந்த இடமும் தெரியாது. என் வட்டத்தில் தெரியும். ஒருநாள் அவர் சாப்பிடப் போனபோது அந்தக் கவராயத்தின் ஊசியை நிலத்தில் தேய்த்து வைத்தேன். அவர் திரும்பி வந்து, அதைத் தீட்டிக்கொண்டு மறுபடி வட்டம் போட்டார். அதுவும் நன்றாகத்தான் வந்தது. மனிசர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனிச் சொல்லலாம்.

கண்ணாடிப் பெட்டி

அந்த வருடம்தான் வவுனியாவில் கண்காட்சி என்று அறிவித்தார்கள். நடத்தியவர் சண்முகராசா. ரயில் பட்டறையில் போர்மனாக இருந்து ஓய்வுபெற்றவர், என்னைவிட ரயில் பைத்தியம். ஒரு பாடசாலை மண்டபத்தில் மாதிரி ரயில்களை வரிசையாக வைப்பது, அவற்றில் ஒன்றே ஒன்றை அவர் தெரிவு செய்து நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது. கண்காட்சி முடிந்த பிறகும் அது மட்டும் பெயர்ப்பலகையோடு அந்த மண்டபத்திலேயே நிரந்தரமாக இருக்கும்.

பெயர்ப்பலகை. எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வாய்க்கால் படங்களில் நாற்பது வருடம் கீழ் மூலையில் சின்னதாகக் கையெழுத்து வைத்தவன் நான். அந்தப் படங்கள் எல்லாம் கறையான் தின்றோ எரிந்தோ போய்விட்டன. பிள்ளைகளும் வெளிநாட்டில். என் பெயர் இந்த மண்ணில் எங்காவது ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்று பட்டது. பெருமைக்காரன் என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

இரண்டு வருடமாகச் செய்த கபில நிற டீசல் எஞ்சின் என்னிடம் தயாராக இருந்தது. கைபிடிக் கம்பிகள், மாத்திரை அட்டையில் வெட்டிய யன்னல்கள், புவனாவின் உடைந்த தோட்டுக் கல்லில் முன்விளக்கு. எஞ்சினுக்கு அடியில், ஒருவரும் பார்க்காத இடத்தில்கூட, எண்ணெய்க் கறை வைத்திருந்தேன்.

சண்முகராசா போனில் சொன்னார், “குலசிங்கம், ஒரு உதவி. ஒண்டொண்டையும் இஞ்ச வைச்சுச் சரி பிழை பாக்க எனக்கு ஏலாது. உங்கட பக்கத்தால வாறதுகளை நீங்களே பாருங்கோ. எழுத்து, எண், அளவு எல்லாம் அசல் மாதிரி இருந்தா, சரி எண்டு ஒரு துண்டு எழுதிக் குடுங்கோ. துண்டு இல்லாமல் ஒண்டையும் மேசையில வைக்கமாட்டன்.”

எங்கள் பக்கத்தால் போக இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றதற்கு நான் துண்டு எழுதவேண்டும்.

“உப்பிடி ஒரு வண்டி இல்லை”

அந்தத் துண்டுக்காகத்தான் புஷ்பம் அன்றைக்கு வந்திருந்தார்.

கடைசியில் நானும் நிலத்தில் இறங்கி இருக்க வேண்டியதாயிற்று. பொருளைக் கையில் எடுக்காமல் சரி பிழை சொல்ல முடியாது. முதலில் நிலைய மேடையிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கம். அந்தப் பக்கத்து அசலை நான் நூறு தடவை பார்த்தவன், அளந்தவன். சாம்பல் நிறத்தில் வெள்ளை எழுத்து, தகட்டு அச்சு வைத்து எழுதியது. அப்படி எழுதினால் சுழியத்துக்கு மேலேயும் கீழேயும் வெள்ளை படாத சின்ன வெட்டு விழும். புஷ்பம் அச்சு வைக்கவில்லை. ஈர்க்கின் நுனியைப் பல்லால் நசுக்கி, அதைத் தூரிகையாக்கிக் கையால் எழுதியிருந்தார். ஆனால் அந்த வெட்டுகளை விட்டிருந்தார். வடக்கு மூலையில் மட்டும் துரு அதிகம். ஆனையிறவுப் பக்கத்து உப்புக்காற்று படுகிற மூலை அது. என் கணக்கில் பிழை ஒன்றுகூட அகப்படவில்லை.

வண்டியைத் திருப்பினேன்.

அந்தப் பக்கம் வேறு எழுத்து. அச்சு இல்லை, பிரஷால் யாரோ அவசரத்தில் எழுதியது போல வலப்பக்கம் சரிந்த எழுத்து. எண் பெரிதாகத் தொடங்கி, இடம் போதாமல் கடைசி இலக்கம் நெரிந்துபோய் நின்றது. நாலின் காலிலிருந்து ஒரு வெள்ளைச் சொட்டு வழிந்து காய்ந்திருந்தது. அதற்குக் கீழே, சாம்பல் வர்ணத்துக்குள்ளிருந்து, பழைய எண் ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

“இதென்ன?”

“மற்றப் பக்கம் சேர். அது இப்பிடித்தான் இருக்கு.”

“ஒரு வண்டிக்கு ரெண்டு கையெழுத்தோ? உப்பிடி ஒரு வண்டி இல்லைப் பிள்ளை.”

“நான் கண்டனான் சேர். அந்தப் பத்தைக்குள்ள வெடி எடுக்கேக்க மூண்டு மாசம் அதுக்குப் பக்கத்திலதான் முழங்காலில நிண்டனான்.”

“அது எத்தினை வருசம்! ஆளுக்கு ஞாபகம் மாறும். ரயில்வேயில ஒரு ஒழுங்கு இருக்கு. ஒரு பக்கம் எழுதினா மற்றப் பக்கமும் அதேதான். உதைச் சுரண்டிப்போட்டு ரெண்டு பக்கத்தையும் ஒண்டா எழுதிக்கொண்டு வாரும், துண்டு தாறன்.”

அந்த நேரம் நான் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். நம்ப ஆசைப்பட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

புஷ்பம் வண்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். “இண்டைக்குச் செவ்வாய். சனிக்கிழமைதானே கண்காட்சி? நேரம் இருக்கு” என்றார். துவாயால் சுற்றினார். புவனா கொண்டுவந்த தேத்தண்ணியை நின்றபடி குடித்துவிட்டுச் சைக்கிளில் போனார்.

பலகை இருந்த பக்கம்

மற்றப் பக்கத்தை நீர் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வன்னியில் இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள்.

பக்கப் பாதைக்கு அங்கால் பற்றைக்காடு. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் அங்கே வருடக்கணக்காக நின்றன. பிறகு துப்புரவாக்கிப் பலகைகளைக் கழற்றினார்கள். மாடு மேய்கிறது, ஆடு மேய்கிறது, நாங்கள் போவதில்லை. மனதுக்குத் தெரிந்தாலும் கால் போகாது. நிலையத்துக்கு வருகிற அத்தனை பேரும் மேடைப் பக்கத்தால் வந்து மேடைப் பக்கத்தால் திரும்புவோம். எங்கள் ஊரில் அந்தக் கல் வண்டிக்கு ஒரு பக்கம்தான் இருந்தது.

புதன்கிழமை காலை போனேன். ஏன் போனேன்? அவர் “நான் கண்டனான் சேர்” என்று சொன்ன விதம் என்னைப் படுக்க விடவில்லை. வண்டியின் இணைப்புக் கொழுவியைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக் குளம்படிகளில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அந்தப் பக்கம் சுற்றினேன். முதுகு நனைந்துவிட்டது. நான் மிதித்து நின்ற மண்ணை விரல் விரலாகக் கிளறிப் பார்த்தவர் புஷ்பம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.

சரிந்த எழுத்து. நெரிந்த கடைசி இலக்கம். நாலின் காலில் சொட்டு. சாம்பலுக்குள் பழைய எண். யாரோ பெரிய ஆட்கள் வந்த நாளில் மேடைக்குத் தெரிகிற பக்கத்துக்கு மட்டும் புது வர்ணம் அடித்திருக்கவேண்டும். இந்தப் பக்கம் பழைய கையெழுத்தோடு அப்படியே நின்றுவிட்டது.

முதலில் வந்தது சந்தோசம். இதை நான் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஒரு மனிதன் வெயிலில் நின்று, பிரஷில் வர்ணத்தைக் கூடுதலாக எடுத்து, இடம் போதாமல் திட்டிக்கொண்டு கடைசி இலக்கத்தை நெரித்து எழுதியது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அந்தக் காய்ந்த சொட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

பிறகு, சண்முகராசா இதைப் பார்த்தால் என்ன செய்வார் என்று நினைத்தேன். பட்டறையில் காலம் கழித்த மனிதர். புஷ்பத்தின் வண்டியைத் திருப்பி இந்தப் பக்கத்தைக் கண்டால் அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். என் எஞ்சின் பக்கம் வரவே மாட்டார்.

சந்தோசம் போய்விட்டது. வந்த வழியால் குளம்படி குளம்படியாகத் திரும்பி வந்தேன்.

வாய் சுடவில்லை

புதன்கிழமை மத்தியானமே சொல்லியிருக்கலாம். கடவையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். புஷ்பம் தடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன சேர், வெயிலுக்க?”

“ஓம், சரியான வெயில்” என்றேன். சைக்கிளை மிதித்தேன்.

வியாழக்கிழமை புவனாவிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்லாமல் சோறு இறங்கவில்லை. அவா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவா, துருவலை நிறுத்தவில்லை.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கு அந்தப் பெட்டையில பொறாமை.”

“விசர்க்கதை கதையாதையும்.”

“உது சரிதான் பிள்ளை எண்டு ஒரு சொல்லுச் சொன்னா வாய் சுட்டுப்போகுமோ?”

“நாளைக்குச் சொல்லுறன்.”

“நாளைக்கு அது சுரண்டியிருக்கும்” என்றா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் புஷ்பம் வந்தார். அதே துவாய், அதே பை. சவரப் பிளேட்டால் சுரண்டி, மட்டத்தாள் போட்டுத் தேய்த்து, சாம்பல் அடித்து, மறுபடி எழுதியிருந்தார். இரண்டு பக்கமும் ஒன்று. சுழியத்தின் வெட்டுக்கூட ஒன்று. நேற்று வரை அந்த இடத்தில் ஒரு சொட்டு வழிந்திருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அழிப்பதையும் இவ்வளவு திறமாகச் செய்கிறாளே என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

துண்டை எடுத்தேன். ‘அசலுக்குச் சரி’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வாய் சுடவில்லை.

வவுனியாவில்

சண்முகராசா மேசை மேசையாக வந்தார். கல் வண்டியைக் கையில் எடுத்தார். கடுகைத் தடவிச் சிரித்தார். மற்றப் பக்கம் திருப்பினார்.

“நல்ல துப்புரவான வேலை பிள்ளை” என்று சொல்லி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் என் எஞ்சின் போனது. பெயர்ப்பலகையில் என் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். கைதட்டினார்கள். ஆட்களுக்கு இடையில் நின்று புஷ்பமும் கைதட்டினார். என் கண் அவருடைய கையில்தான் நின்றது.

பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

“சேர், ஒண்டு கேக்கட்டோ?”

“கேளும்.”

“புதன்கிழமை நீங்கள் அந்தப் பக்கம் போய் வண்டியைப் பாத்தனீங்கள். கேற்றடியில நிண்டு கண்டனான். எனக்குச் சரியான சந்தோசம். இனி வந்து சொல்லுவியள் எண்டு வியாழன் பின்னேரம் மட்டும் பாத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் சொல்லேல்லை. உங்களை மாதிரி ஒரு ஆள் கண்ணால கண்டிட்டும் சொல்லாமல் விட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்தானே. அதுதான் சுரண்டினனான். ஆனா என்ன காரணம் எண்டு எவ்வளவு யோசிச்சும் எனக்கு விளங்கேல்லை. சொல்லுங்கோவன் சேர், அடுத்த வண்டிக்கு உதவும்.”

அவருடைய முகத்தைப் பார்த்தேன். குத்திக் கேட்கிறாரோ என்று தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

“கண்காட்சிக்கு எண்டு ஒரு முறை இருக்குப் பிள்ளை” என்றேன்.

“அதுதானே பாத்தன்” என்றார். பஸ் வந்தது. எனக்கு இருக்க இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டு வந்தார்.

சில மாதத்தில் அசல் கல் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய இரும்புக்கு என்று கேள்வி. அந்தப் பக்கத்தை ஒருவரும் படம் எடுத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் போகாதவர்கள் எப்படிப் படம் எடுப்பது? அது இருந்த ஒரே இடம் புஷ்பத்தின் வண்டி.

அதற்குப் பிறகு அவர் நாலு வண்டி செய்துவிட்டார். மூடு வண்டி ஒன்று, எண்ணெய் வண்டி ஒன்று, கடைசியில் கொழுவுகிற கார்ட் வண்டி ஒன்று, இன்னொரு கல் வண்டி. கடவையில் காத்துநிற்கும்போது நாலையும் பார்த்தேன். என்னுடையவற்றைவிட நல்ல வண்டிகள். இன்றைக்கும் வயிறு எரிகிறது. நாலுக்கும் இரண்டு பக்கமும் ஒரே எழுத்து. நான் சொன்ன முறை.

சந்திக் கடையில் இந்த இதழை வாங்கி, என் தொடரை விடாமல் வாசிப்பதாகப் போன மாதம் சொன்னார். ஆகவே புஷ்பம், பஸ் தரிப்பிடத்தில் நீர் கேட்ட கேள்விக்குப் பதில். முறை ஒன்றும் இல்லை. நீர் எழுதினதுதான் சரி. நான் அதைக் கண்டேன், தொட்டும் பார்த்தேன். சொல்லாமல் விட்ட காரணம் பொறாமை.